கண்ணாடி மாட்டும் ஆணி

அந்த வீட்டு வராண்டாச் சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதில் பிளாஸ்டிக் கண்ணாடி தொங்கினால், அக்காவின் தாலி அவள் கழுத்தில் இருக்கிறது என்று அர்த்தம். தாலி தொங்கினால், கண்ணாடி அவள் கண்ணில் இருக்கிறது, மெஷின் ஓடுகிறது, யாரும் கிட்டே வரக் கூடாது என்று அர்த்தம். செங்கல்பட்டில் நாங்கள் குடியிருந்த தெருவில் பால்காரர் வரைக்கும் இது தெரியும். கேட்டுக்கு வெளியே நின்று ஆணியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குரல் கொடுப்பார்கள்.

தெரு அவளுக்கு வைத்திருந்த பெயர் ஓட்டைக்காரம்மா. நான் அக்கா என்று கூப்பிட்டேன். வராண்டா மேசைமேல் இரும்புத் தூணோடு நிற்கும் டிரில்லிங் மெஷினை வைத்து, இரும்புப் பட்டையிலும் தகட்டிலும் துளை போடுவது அவள் தொழில். கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் கடலைப் பார்த்துக் கட்டியிருக்கும் ஓட்டல்களில், ஏசி பெட்டியைச் சுவரில் தாங்கும் சட்டங்களை உப்புக்காற்று சும்மா விடாது. துருப்பிடித்து உதிர உதிரப் புதிது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவள் துளை போட்டு அடுக்கி வைப்பாள். அவள் வீட்டுக்காரர் தன்னுடைய சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருவார். பிள்ளைகள் இல்லை. அவரை நான் அண்ணன் என்பேன். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர். மத்தியானம் நான் ஜெராக்ஸ் கடை வேலை முடிந்து வந்து படுத்தால், அந்த மெஷின் சத்தத்தில்தான் தூங்குவேன். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வேன். அப்படிப் பழகிவிட்டது.

முதன்முதலில் அவளிடம் நான் போனது ஓர் எவர்சில்வர் பெயர்த் தகட்டோடு. வாசலில் மாட்ட இரண்டு ஓரத்திலும் துளை வேண்டும். அக்கா அப்போதுதான் மெஷினைப் போட்டிருந்தாள்.

“நான் புடிச்சிக்கிறேன்கா, நீங்க போடுங்க. ஒரு நிமிஷ வேலை” என்றேன்.

மெஷினை நிறுத்தினாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

“கையில புடிப்பியா?”

“கெட்டியா புடிப்பேன்கா.”

“சரி, அப்படி உக்காரு. டீ போட்டுகினு வரேன்.”

டீ வந்தது. குடித்தேன். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து, ஒன்றுமே நடக்காதது போல் அவள் பாட்டுக்கு முதலிலிருந்து ஆரம்பித்தாள். துளை வரவேண்டிய இடத்தில் கூர் உளியை வைத்து ஒரு தட்டு தட்டிப் புள்ளி வைத்தாள். புள்ளி இல்லாவிட்டால், சுற்றித் துளை போடும் அந்தக் கம்பி, பிட்டு, வழுக்கிக்கொண்டு ஓடுமாம். தகட்டை இரண்டு மரத்துண்டுக்கு நடுவில் வைத்து, திருகுப் பிடியால் மேசையோடு முறுக்கினாள். ஒரு சொட்டு எண்ணெய். முதலில் சின்னத் துளை, அதன்மேல் பெரியது. அழுத்துவதும் தூக்குவதுமாகப் போய், முடிகிற நேரத்தில் கையின் பாரத்தையே எடுத்துவிட்டாள். பிறகு பெரிய பிட்டு ஒன்றை வெறும் கையில் எடுத்துத் துளையின் விளிம்பில் வைத்து இரண்டு திருப்பு திருப்பினாள். விரலால் தடவிப் பார்த்தேன். பிசிறு என்று ஒன்று இல்லை.

“துளை வெளிய வர நேரத்துலதான் பிட்டு தகட்டைக் கவ்வும். கவ்விச்சின்னா தகடு விர்ருனு சுத்தும். நீ கெட்டியா புடிச்சிகினு இருந்தேன்னா, அப்பால ஒன் விரலை நாம ரெண்டு பேரும் தேடிகினு இருக்கணும்.”

“ஒரே ஒரு ஓட்டைதானேக்கா. ஒரு தபா புடிச்சா இன்னா ஆயிடும்?”

“அந்த ஒரு தபாதான் எனக்கு ஆவாது” என்றாள்.

இதுதான் அவள். ஒரு தபா என்ற பேச்சே அவளிடம் செல்லாது. சிரித்துக்கொண்டே சொல்வாள், ஆனால் இம்மியும் நகர மாட்டாள். சில சமயம் சரியான பேஜாரு. மெஷினிடம் போகும் முன் கூந்தலை முடிந்து அதன்மேல் துணி கட்டுவாள். அண்ணனுடைய பழைய அரைக்கைச் சட்டையைக் கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கொள்வாள். வளையல் இறங்கும், தாலி தலைவழியாக ஏறி ஆணிக்குப் போகும், கண்ணாடி ஆணியிலிருந்து இறங்கும். இரும்புச் சுருளை வாயால் ஊத மாட்டாள், கையால் தள்ள மாட்டாள், அதற்கென்று ஒரு பிரஷ். மேசைக்கு அடியில் முட்டி உயரத்தில் ஒரு சுவிட்சு வைக்கச் சொல்லியிருந்தாள். இரண்டு கையும் மாட்டிக்கொண்டாலும் முட்டியால் இடித்தால் மெஷின் நின்றுவிடும். எலக்ட்ரீசியன் அதை மாட்டிவிட்டுப் போகும்போது என்னிடம் ரகசியமாக, “அந்தம்மாவுக்கு ரொம்ப பயம்ங்க” என்றார். பயமில்லை. அவளை எனக்குத் தெரியும்.

ஒரு கல்யாண நாளுக்கு அண்ணன் அவளுக்குத் தோல் கையுறை வாங்கி வந்தார். நல்ல உசத்தியான சரக்கு. மறுநாளே அதைப் போட்டுக்கொண்டு அவள் சோற்றுக் குண்டானைக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள்.

“ஆசையா வாங்கியாந்தேன். மிஷின்ல போட்டுக்கோன்னா சோறு வடிக்கிறா பாரு” என்று அண்ணன் என்னிடம் முறையிட்டார்.

“கையுறைய மிஷினு இழுத்தா கையும் கூடவே போவும். வெறுங்கை ஒரசிச்சுன்னா தோலோட தப்பிச்சிக்கும்” என்றாள். “குண்டானுக்கு சூப்பரா கீதுய்யா, தேங்க்ஸ்.”

காணும் பொங்கலுக்கு எல்லாருமாக அந்த லோடு வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்து மாமல்லபுரம் போனோம். கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. அண்ணன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு கையை நீட்டி, “வாமே, ஒரு தபா வா, நான் புடிச்சிக்கிறேன்” என்று கெஞ்சினார். அவள் கணுக்கால் தண்ணீரோடு நின்றுவிட்டாள். கடைசியில் அவர்தான் திரும்பி வந்து, அவள் பக்கத்தில் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சுண்டல் தின்றார். அந்த மனிதருக்கு அவள்மேல் அப்படி ஓர் ஆசை. பார்க்கிறவர்களுக்கே வெட்கமாக இருக்கும்.

அண்ணனுடைய அம்மா அச்சரப்பாக்கம் பக்கத்துக் கிராமத்தில் இருந்தாள். கழனி, மாடு, கோழி என்று விட்டுவிட்டு வர முடியாதவள். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்து, ஒற்றைப் பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக உழுதவள். மகன் வீட்டுக்கு வருவதே அபூர்வம். ஒருமுறை வந்தவள், கேட்டைத் திறந்ததும் ஆணியைத்தான் பார்த்தாள். பை கையிலிருந்து விழுந்துவிட்டது.

“அடிப் பாவி! எம் புள்ள உசுரைக் கொண்டாந்து ஆணியில தொங்க விட்டுகினு கீறியேடி!”

தெரு முழுக்கக் கேட்டது. அக்கா மெஷினை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, தாலியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மாமியாரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். எதுவும் முறை மாறவில்லை.

“சட்டைக்கு உள்ளதான் போட்டுக்கயேன். கயட்டணும்னு இன்னா?” என்றாள் கிழவி.

“குனியும்போது வெளிய வந்துடும் அத்த.”

“பொம்பளைங்க எல்லாம் அடுப்புல குனியறது இல்லியா, கழனில குனியறது இல்லியா?”

“அடுப்பு புடிச்சி இழுக்காது அத்த. மிஷினுக்கு அது தாலின்னு தெரியுமா? கயிறுன்னுதான் தெரியும்.”

அண்ணன் நடுவில் புகுந்து, “இன்னாமா நீ, அது கழுத்துல இருந்தா அவ போயிடுவா, ஆணியில இருந்தா நான் போவ மாட்டேன். நானு கல்லு மாதிரி நிக்கிறேன் பாரு” என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினார். கிழவி அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டாள். தெருவில் பாதிப் பேர் கிழவி பக்கம். நான் அக்கா பக்கம்தான், வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. என் தாலியை மட்டும் ஒருமுறை உள்ளே தள்ளிவிட்டுக்கொண்டேன்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் திருக்கழுக்குன்றம் சாலையில் அண்ணனுடைய வண்டி கவிழ்ந்தது. மாடு குறுக்கே வந்ததாம். கால் எலும்பு முறிந்து, தலையில் அடி. பெரிய ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். கண் திறந்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார்கள்.

கிழவி வந்து சேர்ந்தாள். இந்த முறை சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஊர் அம்மன் கோயிலில் வைத்துக் கும்பிட்ட புது மஞ்சள் கயிறு ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள், விரல் பருமன். பழையதை மாற்றி, அதில் தாலியைக் கோத்து, அக்காவின் கழுத்தில் தானே கட்டாமல் பக்கத்து வீட்டுச் சுமங்கலி என்று என்னைக் கூப்பிட்டுக் கட்டச் சொன்னாள். மூன்று முடிச்சும் இறுக்கிப் போடச் சொன்னாள். போட்டேன். பிறகு வராண்டாவுக்குப் போய், குறடை எடுத்து, ஆணியைச் சுவரிலிருந்து பிடுங்கினாள்.

“எம் புள்ள கண்ணு முழிக்கிற வரைக்கும் இது கழுத்தை விட்டு எறங்கக் கூடாது. நான் ஒன்னாண்ட ஒண்ணும் கேட்டது இல்ல. இது மட்டும் கேக்குறேன்.”

அக்கா கிழவியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். “சரி அத்த” என்றாள்.

எனக்கு அந்த ‘சரி’ பிடிக்கவில்லை. வேலையை நிறுத்தி வையேன் அக்கா என்றேன். ஒரு ஓட்டல் முழுக்கச் சட்டம் மாற்றுகிறார்கள், இப்போது விட்டால் வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள், அவர் எழுந்து வரும்போது வண்டிக்கு லோடு வேண்டாமா என்று கேட்டாள். அவர் எழுந்து வருவார் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே பிடி அந்த வேலைதான். காலையில் ஆஸ்பத்திரி, மத்தியானம் மெஷின். கூந்தலை முடிந்தாள், வளையலைக் கழற்றினாள், தாலியைச் சட்டைக்குள் போட்டு மேல் பட்டன் வரைக்கும் போட்டாள். மாட்ட ஆணி இல்லாததால் கண்ணாடியை ஜன்னல் கம்பியில் செருகி வைத்திருந்தாள். பட்டனை மட்டும் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

முதல் நாள் ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. கிழவி நிம்மதியாக இரண்டு வாய் சாப்பிட்டாள். அக்கா பட்டனைத் தொட்டுப் பார்ப்பதும் குறைந்தது.

ஒரு மத்தியானம் படுத்திருந்தேன். சத்தம் நின்றது. வழக்கமாக மெஷின் நின்றால் ஓடி ஓடி ஓயும். இது நறுக்கென்று நின்றது. எழுந்து ஓடினேன்.

அக்காவின் கன்னம் மெஷின் தூணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து புள்ளியைப் பார்த்திருக்கிறாள். சட்டையின் இரண்டு பட்டனுக்கு நடுவில் கயிறு பிதுங்கி வந்திருக்கிறது. பிட்டில் சுற்றி, கழுத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது. முட்டியால் சுவிட்சை இடித்து அவள்தான் நிறுத்தியிருக்கிறாள். ஆனால் நின்ற மெஷின் கயிற்றை விடவில்லை. நான் இறுக்கிய முடிச்சு அவள் காதுக்குக் கீழே புதைந்திருந்தது. மூச்சு வரவில்லை. முகம் கறுத்துக்கொண்டு வந்தது. மெயினை அணைத்துவிட்டு, மேசை மேல் கிடந்த தகடு வெட்டும் கத்திரியை எடுத்தேன்.

உள்ளேயிருந்து ஓடிவந்த கிழவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அறுக்காதே! எம்மா, அறுக்காதேம்மா! எம் புள்ள அங்க கெடக்குறான்!”

“உங்க மருமவ செத்துடுவா, விடுங்க!”

“திருப்பிப் பாரு, பின்னால திருப்பு, கழண்டுக்கும்!”

ஒரு கையால் பிட்டைப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன். கயிறு ஒன்றன்மேல் ஒன்றாக இறுகி, இம்மி அசையவில்லை. அந்த நேரத்தில்தான் அக்காவின் கை மேசையிலிருந்து எழுந்தது. கத்திரியைக் கேட்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. விரலை விரித்து, வேண்டாம் என்று ஆட்டினாள். அறுக்க வேண்டாம் என்று ஆட்டினாள்.

அதைக் கிழவியும் பார்த்தாள். என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடி அப்படியே விட்டுப்போனது.

“ஒனுக்கு இன்னாடி பைத்தியமா புடிச்சிகீது?” என்று ஓவென்று கத்திக்கொண்டு, என் கையிலிருந்து கத்திரியைப் பிடுங்கி, மருமகளின் கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் தன் விரலைச் செருகிக் கொடுத்து, வெட்டினாள். தன் விரலையும் கொஞ்சம் வெட்டிக்கொண்டாள். அக்கா தரையில் விழுந்து இருமினாள். கிழவி அவள் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, “எது ஆனாலும் என் தலையோட போவட்டும், என் தலையோட போவட்டும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கழன்று விழுந்த தாலியை நான்தான் இரும்புச் சுருளுக்குள் தேடி எடுத்தேன்.

அண்ணன் அதற்கடுத்த வாரம் கண் திறந்தார். அந்த ஒரு வாரம் கிழவி ஆஸ்பத்திரி வாசலைவிட்டு நகரவில்லை. நர்சு வெளியே வந்து கூப்பிட்டால் போக மாட்டாள், யாரையாவது போய்க் கேட்கச் சொல்லிவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வாள்.

காலில் கட்டோடு அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, கழுத்தைச் சுற்றி இருந்த சிவப்புத் தழும்பைத்தான் அவர் முதலில் பார்த்தார். அக்காவின் குரலும் கரகரவென்று மாறிப்போயிருந்தது. நடந்ததை யாரும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சுவரில் ஆணி இருந்த ஓட்டையை விரல் நீட்டிக் காட்டினார்.

“ஆணி எங்கமா?”

கிழவி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். இத்தனை நாளும் அதைப் பத்திரமாக முடிந்து வைத்திருக்கிறாள். நாங்கள் கேட்டும் சுத்தியலைக் கொடுக்காமல் தானே அடித்தாள். பழைய ஓட்டைக்கு ஒரு விரல் தள்ளி, புது இடத்தில்.

பிறகு அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தபடியே அக்காவைக் கிட்டே கூப்பிட்டு, மெல்லிசான புதுக்கயிற்றில் தாலியைக் கோத்துக் கட்டினார். கட்டி முடித்துவிட்டுச் சிரித்தார்.

“ஒத்த முடிச்சுதான் போட்டு கீறேன். லூசா. யாரு இழுத்தாலும் வந்துடும்.”

“மூணு முடிச்சு போடுடா” என்றாள் கிழவி.

“எதுக்கு? இவ ஆணியில மாட்டாம மிஷினாண்ட போவ மாட்டா, இவளை நம்பலாம். உன்ன நம்ப முடியாது. நீ திரும்ப ஆணிய புடுங்கினாலும் புடுங்குவ.”

கிழவிக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அது. அண்ணனுடைய கட்டுப் போட்ட காலில் ரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்குப் போய்விட்டது என்று பிறகு சொன்னார்கள். மறுநாள் காலை நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், மார்பு அடைக்கிறது என்றார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

தெரு என்ன பேசியது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கிழவியின் காது படவே பேசினார்கள். அக்காதான் ஒருநாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த உடைந்த குரலில், “எங்க அத்த அறுக்கலன்னா அவரு வூடு திரும்பும்போது நான் இருந்திருக்க மாட்டேன். போங்க, போய் வேலையப் பாருங்க” என்று கத்தினாள்.

கருமாதிக்கு ஊரிலிருந்து விதவைப் பெண்கள் வந்திருந்தார்கள். சுமங்கலிகள் பார்க்கக் கூடாது என்று எங்களை விலகச் சொன்னார்கள். நான் போகவில்லை, கதவோரம் நின்றேன். விடியும் நேரம். அக்காவை மணையில் உட்காரவைத்து, பூ வைத்து, வளையல் போட்டு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கடைசியில் கத்திரியைக் கிழவியிடம் நீட்டினார்கள். பெற்றவள், மூத்தவள், அவள்தான் செய்ய வேண்டும் என்று.

கிழவி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“நான் ஒரு தபா அறுத்துட்டேன். இன்னொரு தபா என்னால ஆவாது.”

வேறொரு அம்மாள் கத்திரியை வாங்கிக்கொண்டு குனிந்தாள். வெட்டுவதற்கு வாகாகக் கயிற்றைப் பிடித்து லேசாக இழுத்தாள். அவ்வளவுதான். முடிச்சு அவிழ்ந்து, கயிறு தாலியோடு அவள் கைக்கு வந்துவிட்டது. கத்திரி இன்னொரு கையில் சும்மா இருந்தது.

அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அக்கா, அந்த அம்மாளின் கையிலிருந்த கயிற்றை நிமிர்ந்து பார்த்தாள். கழுத்துத் தழும்பின்மேல் அவள் கை போனது.

“சொன்ன மாதிரியே போட்டு கீறாரு பாரு அத்த” என்றாள். “எனக்கு வலிக்கவே இல்ல.”